காலஞ்சென்ற கீசர்

கோவில்பட்டியில் வருஷத்துக்குப் பத்து மாசம் வெந்நீர் இலவசம். மாடியில் இருக்கிற கறுப்புத் தொட்டியில் தண்ணீரை ஏற்றிவிட்டால் போதும், மத்தியானம் குழாயைத் திறக்கிறவன் கையை உதறிக்கொண்டு ஓடுவான். அந்த ஊரில் ஒருவர் கீசர் வாங்கி மாட்டியிருக்கிறார் என்றால் அது மீதி இரண்டு மாசத்துக்காகத்தான். கீசர் கெட்டுப்போவதும் அந்த இரண்டு மாசத்தில்தான். மற்ற மாசங்களில் கெட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

மெயின் ரோட்டில் பிளாஸ்டிக் வாளி, குடம், முறம் விற்கிற முத்து முகம்மதுவின் வீட்டுக் கீசர், ஐப்பசி அடைமழையில் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒழுக ஆரம்பித்தது. நேரம் பார்த்துத்தான் ஒழுகியது. மகள் ஆஷிகா தலைப்பிரசவத்துக்கு மேலப்பாளையத்திலிருந்து வர இரண்டு வாரம் இருந்தது. ஏழாம் மாசமே வரவேண்டியவள், மாமியார் வீட்டில் ஒரு கல்யாணம் என்று நின்றுவிட்டு இப்போதுதான் வருகிறாள். பிள்ளை பெற்றவளுக்கும் பிறந்த பிள்ளைக்கும் நாற்பது நாள் வெந்நீர் வேண்டும். அடுப்பில் அண்டாவை வைத்து இறக்கி ஊற்ற அவர் மனைவி மெஹருன்னிசாவின் முழங்கால் சம்மதிக்காது. ஒரு சொம்புத் தண்ணீரைத் தூக்கினாலே அது தனியாக ஒரு சத்தம் போடும்.

"ஏங்க, எனக்கு வைரமும் வேண்டாம், வைடூரியமும் வேண்டாம். எம்மவ வாரதுக்குள்ள குழாயத் தொறந்தா சுடுதண்ணி வரணும்" என்றாள் மெஹருன்னிசா.

கல்யாணமான முப்பது வருஷத்தில் அவள் வைரம் கேட்டதும் இல்லை, இவர் வாங்கிக் கொடுக்கிற நிலைமையில் இருந்ததும் இல்லை. அதனால் இந்த ஒன்றையாவது செய்துவிட வேண்டும் என்று முத்து முகம்மது மனதார நினைத்தார்.

பிளம்பர் வேலையும் கரண்டு வேலையும் சேர்த்துப் பார்க்கிற மாடக்கண்ணு வந்து கீசரின் அடிமூடியைக் கழற்றினான். வெள்ளை வெள்ளையாக ஒரு முறம் உப்பு கொட்டியது. அந்தப் பக்கத்துத் தண்ணீர் அப்படி.

"அண்ணாச்சி, உள்ள பூரா உப்பு. அடியில ஓட்டை விழுந்து போச்சி. இது மண்டையப் போட்டுருச்சி."

"ஏலே, புதுசு என்ன ஆவும்?"

"பதினோராயிரந்தான்."

'தான்' என்று சொல்லுகிற எந்த விலையும் அத்தோடு நிற்பதில்லை. பழைய இரும்பு பைப்பு புதுக் கீசருக்குத் தாங்காது. பைப்பை மாற்ற வேண்டுமானால் டைல்ஸை உடைக்க வேண்டும். அந்த டைல்ஸ் இப்போது கடையில் வருவதில்லை, ஆகவே நாலு சுவருக்கும் புதிதாக ஒட்ட வேண்டும். சுவரை உடைத்தால் வயர் தெரியும், அந்த வயரைப் பார்த்துவிட்டு எந்த மனுஷனும் சும்மா மூடமாட்டான். இப்படியே ஏறி ஏறிப் பதினோராயிரம் முப்பத்தெட்டாயிரத்தில் போய் நின்றது. தொண்ணூறு ரூபாய் வாளியில் எட்டு ரூபாய் பார்க்கிறவர் முத்து முகம்மது. எத்தனை வாளி என்று மனசுக்குள் வகுத்துப் பார்த்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"கவர்மெண்டுல பாதி தாறான்லா அண்ணாச்சி. அதுக்குன்னே புது ஆபீஸ் தொறந்திருக்கான், எட்டயபுரம் ரோட்டுல" என்றான் மாடக்கண்ணு. இதைச் சொன்னதற்காகப் பிற்பாடு அவன் பலமுறை மன்னிப்புக் கேட்டுக்கொண்டான்.

இல்ல வெந்நீர்ச் சாதன மாற்று ஊக்குவிப்பு மானிய முகமை, கோவில்பட்டிக் கிளை. பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளமாகிப் போனதால், 'கோவில்பட்டிக் கிளை' என்ற பகுதி மட்டும் பக்கத்து சலூன் சுவரில் இருந்தது. முடிவெட்ட வந்தவர்கள் சிலர் சலூனுக்குத்தான் வேறெங்கோ தலைமையகம் இருக்கிறதென்று நம்பிக்கொண்டிருந்தார்கள். முத்து முகம்மது செருப்பில் ஒரு கிலோ கரிசல் மண்ணோடு போய்ச் சேர்ந்தார். வாசலில் கால் கழுவக் குழாய் இருந்தது. தண்ணீர் இல்லை.

உள்ளே எழுத்தர் மாரிராஜ் இருந்தார். தினமும் கடம்பூரிலிருந்து ரயிலில் வந்து, திரும்பிப் போகிற ரயிலை நினைத்துக்கொண்டே வேலை பார்க்கிறவர். அடுத்த மேஜையில் கணினியில் பதிவு செய்கிற பத்திரகாளி. மாரிராஜ் படிவத்தை எடுத்து விரித்தார்.

"பொருள் என்ன அண்ணாச்சி?"

"கீசர்."

"இப்ப நிலைமை?"

"மண்டையப் போட்டுருச்சி."

மாரிராஜ் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். "இது அரசு ஆவணம். மண்டை கிண்டைன்னு எழுதினா மேல இருக்கவிய என்ன நினைப்பாவ? கௌரவமா எழுதுவோம்." யோசித்து, 'காலமாகிவிட்டது' என்று எழுதினார். "எத்தன வருஷமா வீட்டுல இருக்கு?"

"இருபத்திரண்டு."

"எங்கன?"

"பாத்ரூம்லதான்."

"காரணம்?"

"உடம்பு பூரா உப்பு. பிளம்பரக் கூப்பிட்டுக் காட்டினேன்."

தாள் பத்திரகாளியிடம் போனது. பத்திரகாளி மரியாதை தெரிந்த பெண். 'கீசர்' என்று ஒரு மனுஷனுக்குப் பேர் இருக்காது, பாய் வீட்டு ஆள் என்றால் கைசராக இருக்கும், மாரிராஜ் சார் எழுத்து எப்போதும் இப்படித்தான் என்று அவளாகவே திருத்திக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷம் வீட்டோடு இருந்தவரைக் 'காலமாகிவிட்டது' என்று ஆடுமாட்டைப் போல எழுதியது அவளுக்குப் பொறுக்கவில்லை. 'காலமானார்' என்று அடித்து, ஒரு பெருமூச்சும் விட்டாள். முகமைக்கென்று தனி மென்பொருள் செய்ய நிதி வராததால், ஏதோ ஓய்வூதியத்துக்குச் செய்ததைத் தலைப்பை மட்டும் மாற்றி வைத்திருந்தார்கள். 'காலமானார்' என்று பார்த்ததும் அது தனக்குத் தெரிந்த வேலையைச் செய்ய ஆரம்பித்தது.

முத்து முகம்மது கடைக்குத் திரும்பி ஒரு பூந்துடைப்பம் விற்பதற்குள் செல்போனில் செய்தி வந்தது. "திரு. கைசர் அவர்களின் மறைவுக்கு முகமை ஆழ்ந்த இரங்கலைத் தெரிவிக்கிறது. மாற்று வேண்டுவோர் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மறைந்தவரின் மார்பளவுப் புகைப்படம் இரண்டு ஆகியவற்றுடன் பதினைந்து நாட்களுக்குள் அணுகவும்."

சாவுச் செய்தி கேட்ட பழக்க தோஷத்தில் 'இன்னாலில்லாஹி' என்று வாய் சொல்லிவிட்டது. அதற்கப்புறம்தான் யார் இந்தக் கைசர் என்று யோசித்தார். மாமனார் வழியில் ஒரு கைசர் உண்டு, ஆனால் அவர் நேற்றுக்கூட புதூரிலிருந்து போன் பண்ணி ஆட்டு விலை சொன்னார்.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு நேராக அதிகாரி சாமித்துரையிடம் போனார். சாமித்துரை நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அங்கே மனு கொடுக்க வந்தவர்களுக்குக் கிடைத்த முதல் சலுகை அது.

"பாய், மொதல்ல எங்க அலுவலகத்தப் பத்தி நீங்க தெரிஞ்சிக்கிடணும். தொறந்து மூணு வருஷம் ஆவுது. இதுவரைக்கும் ஒரு ரூவா தப்பான ஆளுக்குப் போனது கிடையாது. சரியான ஆளுக்கும் போனது கிடையாது. தணிக்கைக்கு வந்தவிய கணக்கப் பாத்துக் கண் கலங்கிட்டாவ. இவ்வளவு சுத்தமான அலுவலகத்தப் பாத்ததே இல்லன்னு எழுதியே குடுத்துட்டுப் போனாவ."

"சார், செத்தது ஆளு இல்ல சார். கீசர். சுடுதண்ணி வருமே, அந்தக் கீசர்."

"எனக்குத் தெரியுது. மாரிராஜுக்கும் தெரியும். கோப்புக்குத் தெரியணும்லா? கோப்புல என்ன இருக்கு?" சாமித்துரை கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "கைசர்ங்கிறவர இருபத்திரண்டு வருஷமா குளியலறையிலயே வச்சிருந்திருக்கீங்க. உடம்பு பூரா உப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகல. ஒரு பிளம்பரக் கூப்பிட்டுக் காட்டியிருக்கீங்க. நான் அதிகாரியாக் கேக்கல பாய், மனுஷனாக் கேக்குதேன். இது நியாயமா?"

முத்து முகம்மதுவுக்கு ஒரு நிமிஷம் குற்ற உணர்ச்சியே வந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவையாவது சர்வீஸ் பண்ணியிருக்கலாம்.

"இதத் திருத்த முடியாதா சார்?"

"ஏன் முடியாது? பெயர்த் திருத்தம் கேட்டு மனு குடுக்கலாம். சம்பந்தப்பட்டவர் நேர்ல வரணும்."

"அவருதான் போய்ச் சேந்துட்டாரே சார்."

"யாரு சொன்னா? இறப்புச் சான்று குடுத்தீங்களா? சான்று வர்ற வரைக்கும் எங்களப் பொறுத்தமட்டுல கைசர் உயிரோட இருக்காரு. வரச் சொல்லுங்க."

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வந்திருப்பார்கள். முத்து முகம்மதுவுக்குப் பாதிப் பணம் பத்தொன்பதாயிரம் கண்ணுக்குள் நின்றது, மகள் வர ஒன்பது நாள்தான் இருந்தது. மாடக்கண்ணுவை வைத்துக் கீசரைச் சுவரிலிருந்து இறக்கினார். துருத்தண்ணீர் ஒழுகியதால் பழைய வெள்ளைப் போர்வையில் சுற்றி, ஆட்டோவின் பின்சீட்டில் நீளவாக்கில் கிடத்தி, பக்கத்தில் தானும் உட்கார்ந்துகொண்டார். டீக்கடையில் நின்றவர்கள் அதைப் பார்த்ததும் மடித்துக்கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, கிளாஸைக் கீழே வைத்தார்கள். இரண்டு பேர் பைக்கை ஓரங்கட்டினார்கள். முத்து முகம்மது யாரிடமும் விளக்கம் சொல்லவில்லை. சொன்னாலும் நீளமாக இருக்கும்.

அலுவலகத்தில் கீசரை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மாரிராஜ் கைரேகைக் கருவியைக் கொண்டுவந்து அதன் முன்னால் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். கருவி ஒன்றும் சொல்லவில்லை.

"வயசானவியளுக்குக் கைரேகை பதியாது. கண்ணப் படம் பிடிச்சிருவோம்" என்றாள் பத்திரகாளி.

"கண்ணுக்கு எங்கன போறது?"

"அந்தச் சிவப்பு லைட்டு இருக்குலா சார்."

சிவப்பு லைட்டுக்கு நேரே கேமராவைப் பிடித்தார்கள். 'கண்ணைத் திறக்கவும்' என்றது கணினி. மறுபடியும் பிடித்தார்கள். 'கண்ணை நன்றாகத் திறக்கவும்' என்றது. மூன்றாவது தடவை அதற்கும் அலுத்துவிட்டது. "விண்ணப்பதாரர் கண்ணைத் திறக்க மறுக்கிறார், ஒத்துழைக்கவில்லை" என்று பதிவாகி, கள விசாரணைக்கு உத்தரவும் தானாகவே வந்து விழுந்தது. கீசரை மறுபடியும் போர்வையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவர, ஆட்டோக்காரர் காத்திருந்த நேரத்துக்கும் சேர்த்து வாங்கிக்கொண்டார்.

கள விசாரணைக்கு மாரிராஜ் ஒரு வாரம் கழித்து, ரயில் சீக்கிரமாக வந்த ஒரு நாள் காலையில் போனார். உண்மை அவருக்குத் தெரியும். இருந்தாலும் விசாரணை என்பது தெரியாததைத் தெரிந்துகொள்ள நடத்துவதல்ல, கோப்பில் இருப்பதை ஊரிடம் கேட்டுவிட்டு வருவது. தெருமுனையில் இட்லிக்கடை வைத்திருக்கிற பாலம்மாளிடம் போய், "இந்தத் தெருவுல முத்து முகம்மது வீட்டுல கைசர்னு ஒருத்தர் காலமானாரே, எப்பம்மா?" என்று கேட்டார்.

பாலம்மாள் கரண்டியைக் கீழே போட்டாள். "அய்யோ, அன்னைக்கு ஆட்டோவுல வெள்ளத் துணியில கொண்டு போனாவளே, அதுவா? நான் வேற யாரோன்னுல்லா நெனச்சேன்! ஒரு வார்த்த கேக்காமப் போயிட்டமே."

மாரிராஜ் 'அக்கம்பக்கத்தார் உறுதி செய்கின்றனர்' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

மவுத்து விழுந்த வீட்டில் மூன்று நாளைக்கு அடுப்பு எரியக் கூடாது என்று அக்கம்பக்கத்தார் சோறு கொண்டுவந்து கொடுப்பது அந்தத் தெருவின் வழக்கம். பாலம்மாள் சொல்லிச் சேதி தெரிந்ததும், ஒரு வாரம் தாமதமாகிவிட்ட வெட்கத்தில் அது இரட்டிப்பாகவே வந்தது. பக்கத்து வீட்டு ஜன்னதுல் பிர்தௌஸ் ஒரு தாம்பாளம் சோறும் பருப்பாணமும் கொண்டுவந்தாள். அவளுக்குப் பின்னால் நாலு வீடு. ஆண்கள் வாசலில் நாற்காலி போட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, எதுவும் பேசாமல் உட்கார்ந்தார்கள். மெஹருன்னிசா ஒவ்வொருவரிடமும் விஷயத்தைச் சொல்லப் பார்த்தாள். சொல்ல வாயைத் திறக்கும்போதெல்லாம் ஒருத்தி கட்டிப்பிடித்துக்கொண்டு, "அழுதுரு லாத்தா, உள்ள வச்சிக்கிடாத" என்றாள். முத்து முகம்மது விளக்கம் சொல்வதைக் கைவிட்டு, பசித்ததால் சாப்பிட உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஆஷிகாவின் கார் வந்து நின்றது. வாசல் நிறையச் செருப்பு, வரிசையாக நாற்காலி, தலைகுனிந்த ஆண்கள். நிறைமாசக்காரி காரைவிட்டு இறங்கி, "வாப்பா!" என்று போட்ட கூச்சலில் தெருவே எழுந்து நின்றது.

முத்து முகம்மது பருப்பாணம் பிசைந்த கையோடு ஓடிவந்தார். "இங்கனதாம்ட்டி இருக்கேன்!"

ஆஷிகா அவரைத் தொட்டுப் பார்த்தாள். "அப்ப மவுத்தானது யாரு?"

"நம்ம பாத்ரூம் கீசரு."

முதலில் சிரித்தது ஜன்னதுல் பிர்தௌஸ். அப்புறம் நாற்காலியில் இருந்தவர்கள். ஆஷிகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டே "உம்மா" என்று தாயின் தோளைப் பிடித்தாள், அந்த 'உம்மா'வில் சிரிப்பு இல்லை. வந்த காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அன்றைக்குச் சாயங்காலமே பெண் குழந்தை பிறந்தது. இரண்டு உயிரும் நலம்.

மூன்றாம் நாள் தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்தபோது மழை இன்னும் விடவில்லை. குளியலறைச் சுவரில் கீசர் இருந்த இடத்தில் இரண்டு ஆணி மட்டும் இருந்தது. முத்து முகம்மதுவுக்கு அதைப் பார்க்க அவமானமாக இருந்தது. பெண்டாட்டி கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் அரைவிலைக்கு ஆசைப்பட்டுக் கோட்டைவிட்டோமே என்று தன் மேலேயே அவருக்குக் கோபம் வந்தது. சாயங்காலம் கடனை உடனை வாங்கியாவது மாடக்கண்ணுவிடம் முன்பணம் கொடுத்துவிடுவது என்று சட்டையை மாட்டினார்.

வாசலில் ஜன்னதுல் பிர்தௌஸ் ஒரு வாளியோடு நின்றாள். ஆவி பறந்தது.

"எங்க கிளம்பியாச்சு காக்கா? மவுத்து வீட்டுக்குச் சோறு குடுக்கோம். கீசரு மவுத்தான வீட்டுக்கு என்ன குடுக்கணும்? சுடுதண்ணிதானே குடுக்கணும். அதுவும் மூணு நாளைக்கு இல்ல, நாப்பது நாளைக்கு. தெருவுல முறை போட்டாச்சு. சட்டையக் கழத்துங்க."

அவளுக்குப் பின்னால் பாலம்மாள், இட்லி அவித்த அடுப்பின் சூடு வீணாகாமல் காய்ச்சிய தண்ணீரோடு வந்தாள். வந்த வாளிகளெல்லாம் அவர் கடையில் வாங்கியவைதான், சிவப்பும் நீலமுமாக. மெஹருன்னிசா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கைசருக்காக வராத அழுகை அவளுக்கு இப்போது வந்தது. பேத்தி முதல் வெந்நீர்க் குளியலில் ஊரைக் கூட்டி அழுதுவிட்டு, துவட்டி முடிப்பதற்குள் தூங்கிப்போனாள்.

பிள்ளை பிறந்த பன்னிரண்டாம் நாள் சாமித்துரை மாரிராஜோடு ஜீப்பில் இறுதி ஆய்வுக்கு வந்தார். துக்க வீட்டுக்குப் போவதா, பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போவதா என்று தெரியாமல் மாரிராஜ் இரண்டுக்கும் பொதுவாகக் கடம்பூர்ப் போளி ஒரு பொட்டலம் வாங்கி வந்திருந்தார். முற்றத்தில் ஏழு வாளி வெந்நீர் வரிசையாக இருந்தது. சாமித்துரை ஒவ்வொன்றையும் சுற்றிவந்து பார்த்தார்.

"எழுதும் மாரிராஜ். மனுதாரர் வீட்டில் சாதனம் எதுவும் இல்லாமலே ஏழு வாளி வெந்நீர் இருப்பது நேரில் காணப்பட்டது. ஆகவே சாதனம் தேவையில்லை. மானியம் நிராகரிக்கப்படுகிறது."

மாரிராஜ் எழுதினார்.

"இன்னொண்ணும் எழுதும். மனுக் கொடுத்த பிறகே இவ்வீட்டுக்கு வெந்நீர் வந்திருப்பதால், இவர் முகமையின் முதல் பயனாளி. மானியச் செலவு: இல்லை." சாமித்துரை முத்து முகம்மதுவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பாய், ஒரு பைசா செலவில்லாம ஒரு குடும்பத்துக்கு வெந்நீர் குடுத்திருக்கோம். இத எந்தக் கிளையும் செஞ்சது கிடையாது. பிள்ளையத் தூக்கிட்டு வாங்க, ஒரு போட்டோ எடுத்துக்கிடுவோம். பயனாளி சிரிச்ச மாதிரி இருக்கட்டும்."

பயனாளி கொட்டாவி விட்டாள். மாரிராஜ் அதையே சிரிப்பு என்று எடுத்துக்கொண்டார்.

முத்து முகம்மதுவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பத்தொன்பதாயிரம் போனதில் வருத்தம்தான், ஆனால் உள்ளே மகள் தலைக்குக் குளித்துச் சாம்பிராணிப் புகையில் முடியை உலர்த்திக்கொண்டிருந்தாள். "கீசர நான் மெதுவா வாங்கிக்கிடுதேன் சார். நீங்க கோப்ப மூடிருங்க, புண்ணியமாப் போவும்" என்றார்.

மாரிராஜ் ஜீப்புக்குப் போனார். சாமித்துரை போகவில்லை. கடைசி வாளியின் பக்கத்தில் நின்று, ஒரு விரலைத் தண்ணீருக்குள் விட்டு எடுத்தார். மறுபடியும் விட்டார்.

"என்ன சார்?" என்றார் முத்து முகம்மது.

"ஒண்ணுமில்ல." அதிகாரி வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எங்க வீட்டுலயும் ரெண்டு வருஷமாப் பச்சத் தண்ணிதான். வீட்டுக்காரிக்கு மழக்காலத்துல இளைப்பு வேற. மனுக் குடுத்திருக்கேன்."

"யார்கிட்ட சார்?"

"எங்கிட்டத்தான். நிலுவையில இருக்கு."

திண்ணையில் கேட்டுக்கொண்டிருந்த மெஹருன்னிசா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய், கடையிலிருந்து வந்த மூடிபோட்ட புது வாளி ஒன்றை எடுத்துவந்தாள்.

"எந்த ஊருக்குப் போவணும்?"

"கழுகுமலை." சாமித்துரை சட்டைப்பையைத் தடவிப் பேனாவை எடுத்தார். "இதுக்கு ஒரு மனு எழுதித் தரணுமாம்மா?"

"பேனாவ உள்ள வைங்க. நல்லாக் கொதிக்கக் கொதிக்க ஊத்துதேன், மூடியத் தொறந்து தொறந்து பாக்காமக் கொண்டு போங்க. போய்ச் சேருத நேரத்துக்குக் குளிக்கிற பதமா இருக்கும்" என்றாள் மெஹருன்னிசா.

சாமித்துரை வாளியை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தார். தெருமுனை வேகத்தடையில் ஜீப் மிக மெதுவாக ஏறி இறங்கியது.